மாங்காய் சீசனில் கண்ணுக்குத் தெரியாமல் போன ஹார்ட் டிஸ்க்

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகும் சாலையில், பர்கூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் நான் கணக்கு பார்க்கிறேன். பதினோரு வருடமாயிற்று. வீடு காவேரிப்பட்டணத்தில். மே கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை எங்களுக்கு இரவு பகல் தெரியாது. சந்தூர், ஜெகதேவி, போச்சம்பள்ளி, வேப்பனப்பள்ளி என்று எல்லாப் பக்கமிருந்தும் வண்டிகள் வரும். முதலில் அல்போன்சா வந்து முடியும். அப்புறம் பெங்களூரா. கிளிமூக்கு போல நுனி வளைந்திருக்குமே, அதுதான். கூழுக்குப் போவதில் பெரும்பகுதி அந்தக் காய்தான்.

வண்டி எடைமேடையில் ஏறும். பாரத்தோடு ஒரு எடை, இறக்கிய பிறகு வெறும் வண்டி எடை, கழிவு, விலை எல்லாம் கேபினில் இருக்கும் கம்ப்யூட்டரில் பதிவாகும். கேமரா எடுக்கும் வண்டிப் படமும் கூடவே சேமிக்கப்படும். இரவு ஷிஃப்ட் முடியும்போது எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து என் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளங்கை அளவில் கறுப்பாக இருக்கும், 1 டிபி. நான் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, அதிலேயே திறந்து பார்த்து விவசாயிகளுக்குப் பணம் போடுவேன். என் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு காப்பி வைத்துக்கொண்டதில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்று போன சீசனில், ஜூலை முதல் சனிக்கிழமை தெரிந்தது.

அன்று மதியம் எடைமேடை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்து, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார். புதிதாக ஒன்றைப் போட்டு, பழையபடி விண்டோஸ் 7 ஏற்றி, எடை சாஃப்ட்வேரை நிறுவி, ஆபீஸ் கம்ப்யூட்டரோடு நெட்வொர்க்கில் இணைத்துக் கொடுத்துவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினார். பழைய கணக்கை எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்து திரும்ப ஏற்றுவதுதான் பாக்கி. சீசன் தொடங்கியதிலிருந்து 1,140 எடைச் சீட்டு. அதில் கடைசி இரண்டு வாரத்துச் சீட்டுகளுக்குத் திங்கட்கிழமை பட்டுவாடா. அச்சடித்த சீட்டு எங்களிடமும் விவசாயியிடமும் உண்டு, கணக்கு அடியோடு அழிந்துவிடாது. ஆனால் அத்தனையையும் உட்கார்ந்து திரும்ப அடிக்க வேண்டும், வாசலில் வண்டி நிற்க நிற்க.

எடைமேடை அண்ணன் டிஸ்க்கைச் சிபியுவின் முன்பக்க யுஎஸ்பி போர்ட்டில் சொருகினார். விளக்கு மினுக்கியது. உள்ளேயிருந்து ஒரு சத்தம், டிக், டிக், டிக் என்று, சுவரில் பல்லி சொல்வது போல. திரையில் ஒன்றும் வரவில்லை. பிடுங்கி மறுபடி சொருகினார். அதே பல்லிச் சத்தம்.

"போச்சும்மா. இதுவும் செத்துப்போச்சு" என்றார்.

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. முந்தின வருடம் என் மேசையில் இருந்த ஒரு டிஸ்க்கும் இதே மாதிரி டிக்டிக்கென்றது. முன்னால் இருந்த போர்ட்டை விட்டுப் பின்பக்கம் மாட்டியதும் சரியாகிவிட்டது. அன்று ஏன் என்று யோசிக்கவில்லை. இப்போது தெரியும் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கையடக்க டிஸ்க்குகளுக்குத் தனியாகக் கரண்ட் கிடையாது. யுஎஸ்பி ஒயரில் வரும் 5 வோல்ட்தான் அதற்குச் சாப்பாடு. யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 500 மில்லி ஆம்பியர் தரவேண்டும் என்பது விதி. உள்ளே நீல நிறத்தில் இருக்கும் 3.0 போர்ட்டுக்கு 900. டிஸ்க் ஓட ஆரம்பித்த பிறகு அதற்கு இவ்வளவு தேவையில்லை. ஆனால் உள்ளே நின்றிருக்கும் வட்டத் தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று வேகத்தை எட்டும் வரை அது கிட்டத்தட்ட 1 ஆம்பியர் வரைகூடக் கேட்கும். பாரம் ஏற்றிய டிராக்டரை மேட்டில் நிறுத்தி மறுபடி கிளப்புவது மாதிரி. முன்பக்க போர்ட்டுக்கு மதர்போர்டிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வழியாகத்தான் கரண்ட் வருகிறது. பழைய கம்ப்யூட்டரில் அந்த ஒயரும் சாக்கெட்டும் தளர்ந்திருக்கும். அதனால் டிஸ்க் கிளம்பப் பார்க்கும், கரண்ட் போதாமல் விழும், மறுபடி கிளம்பப் பார்க்கும். அந்த டிக்டிக் அதுதான். பின்பக்க போர்ட் மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டது. அதில் இந்தத் தொல்லை குறைவு.

கரண்ட் இல்லாத சின்ன ஹப்பில் மவுஸ், கீபோர்டு, பிரிண்டர், டிஸ்க் என்று நான்கையும் மாட்டினாலும் இதே கதைதான். ஒரு போர்ட்டின் சாப்பாட்டை நான்கு பேர் பங்கு போடுகிறார்கள்.

சரி, கேபினுக்கு வருவோம். மேசைக்கு அடியில் தவழ்ந்து, சிபியுவைக் கொஞ்சம் திருப்பி, பின்னால் மாட்டினேன். காதை டிஸ்க்கின் மேல் வைத்துக் கேட்டேன். பல்லிச் சத்தம் போய்விட்டது. ஒரே சீராக, தூரத்தில் மோட்டார் ஓடுவது போல ஓடியது. கம்ப்யூட்டரும் அந்த இரட்டை மணிச் சத்தத்தைக் கொடுத்தது. மூலையில் டிவைஸ் தயார் என்று ஒரு வரிகூட வந்துபோனது. 'கம்ப்யூட்டர்' என்பதைத் திறந்து பார்த்தால் சி இருக்கிறது, டி இருக்கிறது, டிவிடி இருக்கிறது, ஆபீஸ் நெட்வொர்க் ஃபோல்டர் இருக்கிறது. டிஸ்க்கை மட்டும் காணோம்.

கூட இருந்த பையன் போனில் வீடியோ தேடினான். "மேடம், ஃபார்மேட் பண்ணா வந்துருமாம். இதோ போட்டிருக்காங்க" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்லது செய்யத்தான் பார்த்தான். ஆனால் அந்த வீடியோக்காரரின் மேல் இன்றும் கோபம் இருக்கிறது. ஃபார்மேட் செய்தால் டிஸ்க் வரும், உண்மைதான். உள்ளே இருப்பது வராது. புது டிஸ்க் வாங்கியவருக்குச் சொல்ல வேண்டியதை, ஆறு வாரக் கணக்கைத் தொலைத்து நிற்பவருக்குச் சொல்கிறார்கள்.

வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நான் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன். அதனுடைய கேபிள் சிபியுவின் பின்னால் மாட்டினபடியே இருந்துவிட்டது.

அந்தக் கேபிளின் டிஸ்க் பக்க முனை அகலமாக, இரண்டு துண்டு சேர்த்து வைத்தது போல இருக்கும். பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்குப் போடும் சின்ன கேபிள் அந்தப் பொந்தின் பெரிய பாதியில் சரியாகப் பொருந்தும். வேகம் குறையும், ஆனால் வேலை செய்யும். இது பலருக்குத் தெரியாது, அவசரத்துக்குப் பெரிய உதவி. எனக்குத் தெரிந்திருந்ததால், ஆபீஸ் மேசையில் கிடந்த போன் கேபிளை எடுத்து மாட்டினேன். விளக்கு எரிந்தது. சத்தம் சீராக வந்தது. கம்ப்யூட்டர் மட்டும் வாயே திறக்கவில்லை. மணிச் சத்தம் இல்லை, அறிவிப்பு இல்லை.

இரண்டு கம்ப்யூட்டரிலும் வரவில்லை என்றால் டிஸ்க்கில்தான் கோளாறு என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அடுத்த நாற்பது நிமிடம் நான் எதுவும் செய்யவில்லை. எழுதப் போகிறவள் மாதிரி சீட்டுக் கட்டுகளை எடுத்து வண்டி எண் வாரியாக அடுக்க ஆரம்பித்தேன்.

எட்டு மணி சுமாருக்கு லேபில் வேலை பார்க்கும் தங்கச்சி பிரிக்ஸ் ரீடிங் எழுதின தாளைக் கொடுக்க வந்தாள். பழத்தில் எவ்வளவு சர்க்கரைச் சத்து என்று பார்க்கும் அளவு அது, ஷிஃப்ட்டுக்கு ஒரு தாள் வரும். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னக்கா என்றாள். சொன்னேன். டிஸ்க்கைப் பார்த்தாள், கேபிளைப் பார்த்தாள்.

"அக்கா, இது அந்த பவர் பேங்க் கூட வந்த கேபிள்தானே? இதுல சார்ஜ் மட்டும்தான் ஏறும். நான் ஒருநாள் போட்டோ ஏத்தப் பார்த்து வரவேயில்ல."

அவள் தன் பையிலிருந்த கேபிளைக் கொடுத்தாள். மாட்டினேன். மணி அடித்தது. டிஸ்க் வந்தது. ஃபோல்டர்கள் தேதி வாரியாக வரிசையாக நின்றன. அந்தச் சின்ன மணிச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு ஒயர். இரண்டு கரண்டுக்கு, இரண்டு தகவலுக்கு. விலை குறைக்க வேண்டும் என்று சில சார்ஜிங் கேபிள்களில் தகவல் ஒயர் இரண்டையும் போடுவதே இல்லை. டிஸ்க்குக்குச் சாப்பாடு போகிறது, அதனால் ஓடுகிறது. பேச வாய் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல கேபிளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. விளக்கு எரிந்து, சத்தமும் சீராக இருந்து, கம்ப்யூட்டர் மணியே அடிக்காவிட்டால் நான் இப்போது முதலில் சந்தேகப்படுவது கேபிளைத்தான். அந்த சார்ஜிங் கேபிளின் மேல் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

படங்களோடு சேர்த்து 40 ஜிபி இருந்தது. இருபத்தைந்து நிமிடம் போல ஆயிற்று. ஆபீஸ் கம்ப்யூட்டரில் முழுவதும் இறங்கின பிறகுதான் சேரை விட்டு எழுந்தேன்.

மறுநாள் ஞாயிறு காலை கேபின் கம்ப்யூட்டரின் கதையைப் பார்த்தேன். அங்கே மணி அடித்தது, ஆனால் டிஸ்க் பட்டியலில் வரவில்லை. மணி அடித்தாலே பேச்சு நடந்துவிட்டது என்று அர்த்தம். கேபிள் நன்றாக இருக்கிறது, கரண்ட் போதுமான அளவு போகிறது. அப்படியானால் சிக்கல் அதற்கு மேலே எங்கேயோ. 'கம்ப்யூட்டர்' என்பதன் மேல் வலது கிளிக் செய்து 'மேனேஜ்' போய், 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தேன். விண்டோஸ் உண்மையில் எதையெல்லாம் பார்க்கிறது என்பது அங்கேதான் தெரியும். நம் டிஸ்க் அங்கே கீழே நிம்மதியாக உட்கார்ந்திருந்தது, என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் வடிவம்), 'ஹெல்த்தி'. அதற்குப் பக்கத்தில் எழுத்து எஃப்.

எஃப் என்பது ஆபீஸ் நெட்வொர்க் ஃபோல்டருக்கு சர்வீஸ் ஆள் முந்தின நாள் கொடுத்துவிட்டுப் போன எழுத்து. சி, டி இரண்டும் உள் டிஸ்க்குக்கு, இ டிவிடிக்கு. அடுத்துக் காலியாக இருக்கும் எழுத்து எஃப் என்று விண்டோஸ் எக்ஸ்டர்னலுக்கு அதையே கொடுத்துவிட்டது. நெட்வொர்க் ஃபோல்டருக்கு நாம் கொடுத்த எழுத்தை, டிஸ்க்குக்கு எழுத்து ஒதுக்கும் பகுதி கணக்கில் எடுப்பதில்லை. ஒரே சீட்டில் இரண்டு பேர், முதலில் உட்கார்ந்தவர் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறார். டிஸ்க்கின் மேல் வலது கிளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', எம் என்று மாற்றினேன். மாங்காய்க்கு எம். அந்த நொடியே பட்டியலில் வந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்குக்கு எம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை.

நெட்வொர்க் ஃபோல்டர் வைத்திருக்கும் எந்த ஆபீசிலும் இது நடக்கலாம். சில நேரம் எழுத்தே இல்லாமலும் டிஸ்க் நிற்கும். அதற்கும் இதே வழிதான், ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும்.

ஆக ஒரே மாலையில் மூன்று வெவ்வேறு கோளாறு: கரண்ட், கேபிள், எழுத்து. மூன்றுமே வெளியில் ஒரே மாதிரி, 'டிஸ்க் வரவில்லை' என்று. டிஸ்க்குக்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் இப்போது யாராவது வரவில்லை என்றால், எங்கே வரை வருகிறது என்று கேட்கிறேன். விளக்கு எரிகிறதா? சத்தம் சீரா? மணி அடித்ததா? டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இருக்கிறதா? அதில் என்ன எழுதியிருக்கிறது? இந்த ஐந்துக்கும் பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் வேறு கம்ப்யூட்டர், வேறு கேபிள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றக் கூடாது. நான் அன்று செய்தது அதுதான்: கம்ப்யூட்டரையும் மாற்றினேன், கேபிளையும் மாற்றினேன், எது காரணம் என்று தெரியாமல் நாற்பது நிமிடம் போயிற்று.

இந்தக் கதை ஃபேக்டரியில் பரவி, அங்கிருந்து ஊரிலும் பரவிவிட்டது. இப்போது டிஸ்க் வரவில்லை என்றால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

எங்கள் ஃபேக்டரியிலேயே அதிகம் வருவது சுத்தத்தின் கோளாறு. மாங்காய்ப் பாலும் கூழும் பட்ட கை, அந்தக் கையாலேயே பென் டிரைவ். சர்க்கரை காய்ந்து பளபளப்பாக ஒரு பூச்சு போலத் தகடுகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். எறும்புகூட வந்திருக்கிறது. லேபில் இருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் சொருகினால் பெரும்பாலும் வந்துவிடும். தண்ணீர் வேண்டாம், ஊசியால் சுரண்டவும் வேண்டாம்.

சித்திரை வைகாசியில் இடி மழை அடித்த மறுநாள் சில கம்ப்யூட்டர்களில் யுஎஸ்பி போர்ட்டே செத்தது போல இருக்கும். பவரை அணைத்து, சுவரில் இருக்கும் பிளக்கையும் பிடுங்கி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, பத்து நிமிடம் விட்டு மாட்டிப் பாருங்கள். சும்மா ஷட்டவுன் செய்தால் போதாது. பிளக் மாட்டியிருக்கும் வரை மதர்போர்டில் கொஞ்சம் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு 'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்' என்று வந்தால், அதை வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால்' கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி மாட்டலாம். இதில் டேட்டாவுக்கு ஆபத்து இல்லை. லேப்டாப்பில் கொஞ்ச நேரம் வந்துவிட்டு மறையும் டிஸ்க்காக இருந்தால், அதே இடத்தில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் கரண்ட் மிச்சம் பிடிக்க அணைத்துவிடலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

அக்கா மகனுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் இருந்தது, அதில் விண்டோஸும் இருந்தது, விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் பாஸ் லினக்ஸும் இருந்தது. அவன் லினக்ஸ் பக்கமே போய்விட்ட பிள்ளை. அவன் ஒரு டிஸ்க்கை லினக்ஸில் ஃபார்மேட் செய்து கொண்டுவந்து, என் கம்ப்யூட்டரில் ஏன் வரவில்லை சித்தி என்றான். லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவத்தை விண்டோஸ் தானாகப் படிக்காது. மேக்கில் ஃபார்மேட் செய்ததும் அப்படியே. இரண்டு பக்கமும் போகும் டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வீட்டில், படம் பார்க்க டிஸ்க்கை டிவியில் மாட்டியிருக்கிறார்கள். நிகழ்ச்சி பதிவு செய்ய ஃபார்மேட் வேண்டும் என்று டிவி கேட்க, ரிமோட்டில் ஓகே அழுத்திவிட்டார்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ அதில் இருந்தது. கொஞ்சம்தான் மீட்க முடிந்தது.

மனதில் நிற்பது ஒரு வாத்தியாருடைய டிஸ்க். அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறார். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நடுகற்கள் ஏராளம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு சண்டை போட்டுச் செத்தவன் என்று ஊருக்கு ஊர் கல் நிற்கிறது, சிலது ஏரிக்கரையில், சிலது யாரோ ஒருவர் கொல்லையில். இவர் லீவு நாளெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவற்றைப் படம் எடுக்கிறார். ஒன்பது வருடப் படங்கள் ஒரே டிஸ்க்கில். காப்பி எடுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. மறுபடி மாட்டியதும், இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா என்று விண்டோஸ் கேட்கிறது. ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார்.

"கேன்சல் குடுங்க சார். எதையும் தொடாதீங்க. கழட்டி வெச்சிட்டுத் தூங்குங்க" என்றேன். அவர் தூங்கவில்லை என்று மறுநாள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் என்டிஎஃப்எஸ் என்று இருக்கவேண்டிய இடத்தில் 'ரா' என்று இருந்தது. படங்கள் அழிந்துவிட்டன என்று இதற்குப் பொருள் இல்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தொடங்கும் வாசல் பகுதி உடைந்திருக்கிறது, அதனால் விண்டோஸுக்கு உள்ளே போகத் தெரியவில்லை. அவர் கேள்விப்பட்டபடி உடனே செக்டிஸ்க் என்ற விண்டோஸின் பழுதுபார்க்கும் கருவியை ஓட்டவேண்டும் என்றார். நான் விடவில்லை. அது டிஸ்க்கின் மேலேயே எழுதித் திருத்தும். திருத்தம் தப்பாகப் போனால் திரும்ப வழியில்லை. முதலில் பிரதி, பிறகுதான் வைத்தியம். அவரை அதைவிடப் பெரிய புது டிஸ்க் ஒன்று வாங்கிவரச் சொன்னோம். அக்கா மகன் லினக்ஸில் டிடி-ரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் பழைய டிஸ்க்கை முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை அப்படியே புதியதில் இறக்கினான். ஓர் இரவும் அடுத்த அரை நாளும் ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பிரதியின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு இலவசக் கருவியை ஓட்டினோம். என்டிஎஃப்எஸ் தன் வாசல் பகுதிக்கு ஒரு நகலைப் பார்ட்டிஷனின், அதாவது டிஸ்க்கில் தனக்கென ஒதுக்கிய பகுதியின், கடைசியில் வைத்திருக்கும். அந்த நகல் நன்றாக இருந்தது. அதை எடுத்து முன்னால் வைக்கச் சொன்னோம், வைத்தது. எல்லாப் படமும் வந்துவிட்டது. ஒரு புலிக்குத்திக் கல்லைத் திறந்து காட்டினார், வீரனின் கை ஈட்டியோடு புலியின் வாய்க்குள் இருந்தது. அந்தக் கல் இப்போது அந்த இடத்தில் இல்லை, சாலை போடும்போது எடுத்துவிட்டார்கள் என்றார்.

இதே மாதிரி இன்னொரு கேள்வியும் வரும், 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று. புது டிஸ்க் என்றால் செய்யத்தான் வேண்டும். நேற்றுவரை வேலை செய்த டிஸ்க்குக்கு அந்தக் கேள்வி வந்தால் கேன்சல்தான்.

எல்லாமே இப்படி முடியவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் வந்தார். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். டிஸ்க் மேசையிலிருந்து தரையில் விழுந்திருக்கிறது. என்ன போர்ட்டில் மாட்டினாலும், என்ன கேபிள் போட்டாலும் அந்தப் பல்லிச் சத்தம். நான் மேலே சொன்ன கரண்ட் குறைவு டிக்டிக் நல்ல போர்ட்டில் மாட்டியதும் நின்றுவிடும். நிற்காவிட்டால் அது வேறு. உள்ளே படிக்கும் முனை தட்டுக்கு மேலே, தலைமுடியின் தடிமனைவிட எத்தனையோ மடங்கு சிறிய இடைவெளியில் மிதக்கிறது. அது வளைந்து தட்டில் உரசினால், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படங்கள் சுரண்டப்படுகின்றன. சாஃப்ட்வேரால் இதற்கு ஒன்றும் ஆகாது. உடனே கழற்றுங்கள் என்றேன். அவர் ஏற்கெனவே ஒரு ராத்திரி முழுக்க மாட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்.

ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாரோ சொன்னதையும் செய்யப் போனார், தடுத்தோம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து பார்க்கலாமா என்றார். எங்கள் ஊர்த் தூசியில் ஒரு துளி உள்ளே போனாலும் போதும், மீதியும் போய்விடும். உறையைப் பிரித்து உள் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் நேராக மாட்டலாம் என்பது சில மாடல்களுக்குத்தான் பொருந்தும். சிலவற்றில் யுஎஸ்பி சாக்கெட் உள் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாட்ட இடமே இருக்காது. எப்படியும் முனை போன டிஸ்க்குக்கு அதனால் பயன் இல்லை.

பெங்களூரு நமக்குப் பக்கம்தானே. தூசியில்லாத அறை வைத்து டிஸ்க்கைத் திறந்து முனை மாற்றும் இடங்கள் அங்கே உண்டு. நுரை சுற்றி, டப்பாவில் வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகச் சொன்னேன். செலவு பல ஆயிரம் ஆகும் என்பதையும், கிடைக்காமலும் போகலாம் என்பதையும் முன்பே சொல்லிவிட்டேன். மூன்று கல்யாணம் அதில் இருக்கிறது. ஒரு வீட்டில், அந்தக் கல்யாணத்துக்கு வந்த பாட்டி அடுத்த மாதமே இறந்துவிட்டார். அந்தப் பாட்டி பேசியது அந்த வீடியோவில் மட்டும்தான் இருக்கிறதாம்.

எங்கள் ஃபேக்டரியில் இப்போது இரண்டு டிஸ்க். ஒன்று வாரம் முழுக்க மேசையில், இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் காப்பி எடுத்து முதலாளி வீட்டு பீரோவுக்குப் போகும். அது போக, தினமும் ராத்திரி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி. எடைமேடை அண்ணன் பின்பக்க போர்ட்டிலிருந்து ஒரு அடி நீளத்தில் நல்ல எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றை இழுத்து மேசை ஓரத்தில் கட்டி வைத்திருக்கிறார், தவழ வேண்டியதில்லை. கழற்றும் முன் எஜெக்ட் கொடுக்கிறார். விண்டோஸ் 10-இல் 2018 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து, காப்பி ஓடாத நேரத்தில் அது கட்டாயமில்லை, ஆனால் கேபினில் இருப்பது 7.

ஸ்டூடியோ தம்பியின் டிஸ்க்குக்கு அதே மாடலில் வேறொரு டிஸ்க் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அதிலிருந்துதான் முனையை எடுக்க வேண்டுமாம். புதன்கிழமை போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கடைக்குப் பாட்டி வீட்டுக்காரர்கள் தினமும் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள்.